மூடப்படும் வேலை

நம்பத்தகுந்த ஆள் கிடைப்பதில்லை என்பது வீட்டுக் குளியலறையைப் புதுப்பிக்க நினைக்கும் எவரும் சொல்லும் முறையீடு. டைல் பதிப்பவர்களைப் பற்றித்தான் இது அதிகம் சொல்லப்படுகிறது. இதைச் சில்லறை விவகாரம் என்று ஒதுக்கிவிட்டு, நம்பிக்கை என்பதைப் பற்றி வேறொரு தளத்தில் சர்ச்சை செய்வது நமக்குப் பழக்கம். ஆனால் நம்பிக்கை குறித்த நம் கருத்துகள் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்ப்பதற்கு ஐந்தடிக்கு ஏழடி குளியலறை ஒன்று போதும் என்றே தோன்றுகிறது.

முதலில் வேலையின் தன்மையைப் பார்க்க வேண்டும். குளியலறையில் தண்ணீரைத் தடுப்பது டைல் என்று பொதுவாக நினைக்கிறோம். டைல் முகம் மட்டுமே. இரண்டு டைல்களுக்கு இடையிலுள்ள இணைப்புகள் வழியே தண்ணீர் எப்படியும் இறங்கும். அதைத் தடுத்து நிறுத்துவது கீழே இருக்கும் நீர்த்தடுப்புப் பூச்சு. மாடிக் கட்டடங்களில் குளியலறைத் தளத்தைப் பள்ளமாக விட்டிருப்பார்கள். 'சங்கன்' என்று கட்டட வேலைக்காரர்கள் சொல்வது அதைத்தான். அந்தப் பள்ளத்தில் பூச்சு, பிறகு குழாய்கள், பிறகு நிரப்பு, மறுபடியும் பூச்சு, அதன்மேல் தண்ணீர்த்தாரை நோக்கி வாட்டம் கொடுத்த கலவை, கடைசியில் டைல். வாட்டத்துக்கு அடிக்குக் கால் அங்குலம் என்பது ஒரு கணக்கு. ஒவ்வொரு வேலையும் அடுத்த வேலையால் மூடப்படுகிறது. ஒன்று சரியாகச் செய்யப்பட்டதா என்று கேட்கும் நேரத்தில் அது கண்ணில் இருப்பதில்லை.

டைலின் அடியிலும் இதே கதைதான். பழைய சுவர் டைல்களைத் தண்ணீரில் ஊறப்போட்டு, சிமெண்ட் பால் தடவிப் பதித்தார்கள். அவை தண்ணீரை உறிஞ்சும், சிமெண்டும் பிடித்துக்கொள்ளும். இன்று குஜராத்தின் மோர்பியிலிருந்து வந்து கடைகளில் அடுக்கப்படும் விட்ரிஃபைடு டைல்கள் தம் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீரை உறிஞ்சுவதில்லை. வெறும் சிமெண்ட் அதில் சரியாகப் பிடிக்காது; அதற்கென்று உள்ள பசைக்கலவையைப் பல்வைத்த கரணையால் அடிப்பரப்பு முழுவதும் இழுத்துப் பதிக்க வேண்டும். நான்கு மூலையில் நான்கு உருண்டை, நடுவில் ஓர் உருண்டை என்று வைத்து அழுத்திவிட்டாலும் டைல் நிற்கும். வேலை முடிந்த அன்று இரண்டுக்கும் பார்வைக்கு எந்த வித்தியாசமும் இராது. மாதங்களோ வருஷங்களோ கழித்துத்தான் வித்தியாசம் தெரியவரும். அதுவும் பெரும்பாலும் நம் வீட்டில் தெரிவதில்லை. கீழ்வீட்டுக்காரரின் கூரையில் ஓதமாகத் தெரிகிறது.

விற்பவனுக்குத் தெரிந்த தரம் வாங்குபவனுக்குத் தெரியாதபோது சந்தை என்ன ஆகிறது என்பதை, பழைய கார்களை உதாரணமாகக் கொண்டு ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய முடியாதவன் சராசரி விலைதான் தருவான், அந்த விலை கட்டுப்படியாகாமல் நல்ல சரக்கு சந்தையை விட்டு விலகும், மிஞ்சுவது மட்டமானது. கார் வாங்கியவனுக்காவது சில மாதங்களில் உண்மை தெரிந்துவிடும். குளியலறையில் கசிவு வந்த பிறகும், பிழை குழாய் போட்டவருடையதா, பூச்சு பூசியவருடையதா, டைல் பதித்தவருடையதா என்று உடைத்துப் பார்க்காமல் சொல்ல முடியாது. உடைத்தால் சாட்சியமும் சேர்ந்து உடைகிறது.

இந்த நிலையில் நாம் ஆளை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம்? மூன்று வழிகள் வழக்கத்தில் இருக்கின்றன. நாலு பேரிடம் சதுர அடி விலை கேட்டுக் குறைந்ததை எடுத்துக்கொள்வது ஒன்று. முடித்த வேலையைப் படமாகப் பார்த்துத் திருப்தியடைவது இன்னொன்று. தெரிந்தவர் மூலமாக, நம்ம ஊர்க்காரராக, வெளிப்படையாகச் சொல்வதானால் நம்ம ஜாதிக்காரராகப் பார்த்துப் பிடிப்பது மூன்றாவது. வட மாநிலங்களிலிருந்து வந்து இங்கே டைல் பதிப்பவர்களைப் பற்றி நாம் பேசும் தொனியில் இந்த மூன்றாவது வழி நன்றாகவே தெரிகிறது. இம்மூன்றில் எதுவும் மூடப்படும் வேலையைத் தொடுவதில்லை. விலை அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. படம் மினுமினுப்பைத்தான் காட்டும். (கவிதை விஷயத்தில் நம் விமர்சனம் செய்துவருவதும் பெரும்பாலும் இதுதான், அது தனிக்கட்டுரைக்கு உரியது.) உறவும் ஊரும், தப்பு நேர்ந்தால் அந்த மனிதரை எங்கே போய்ப் பிடிக்கலாம் என்பதைச் சொல்கின்றன, அவர் கரணையை எப்படிப் பிடிப்பார் என்பதைச் சொல்வதில்லை.

இந்த மூன்றாவது வழிக்கு நான் வேலை பார்க்கும் இடத்தில் வேறு பெயர் உண்டு: ஜாமீன். பாங்கில் கடன் மனுக்களைப் பார்க்கிறவனுக்கு ஒன்று சீக்கிரம் விளங்கிவிடும். எங்கள் படிவங்களில் ஈடு உண்டு, ஜாமீன் உண்டு; நம்பிக்கைக்கு ஒரு கட்டம் கிடையாது. வீடு கட்டக் கொடுக்கும் கடனைக்கூட அஸ்திவாரம், லிண்டல், கூரை என்று கட்டம் கட்டமாகப் பார்த்துத்தான் விடுவிக்கிறோம். இதில் தவறில்லை, ஊரார் போட்டு வைத்த பணம். ஆனால் பாங்க் யாரையும் நம்புவதில்லை என்பதையும், நம்பவேண்டிய அவசியம் வராமல் ஏற்பாடு செய்துகொள்கிறது என்பதையும் மறக்கக்கூடாது. கடைசித் தவணையைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வீட்டுக்காரர் தாமும் ஒரு சிறு பாங்க் ஆகப் பார்க்கிறார். அந்த ஏற்பாடு, கணக்குத் தீர்க்கும் நாளில் கண்ணுக்குத் தெரிவதைத்தான் காபந்து செய்யும். தெரியாததற்கு ஈடு வாங்க முடியாது.

ஆனெட் பேயர் 1986இல் எழுதிய கட்டுரையொன்றில், ஒன்றைச் சார்ந்திருப்பதையும் ஒருவரை நம்புவதையும் பிரித்துக் காட்டுகிறார். கான்ட்டின் தவறாத ஒழுங்கைக் கடிகாரம்போல் வைத்துக்கொண்ட அண்டைவீட்டார், ஒருநாள் அவர் தாமதமாக எழுந்திருந்தால் ஏமாற்றமடைந்திருக்கலாம். துரோகம் செய்துவிட்டார் என்று சொல்லியிருக்க முடியாது. நம்பிக்கை என்பது நமக்கு முக்கியமான ஒன்றை இன்னொருவரிடம் விட்டு, அதை எப்படிப் பேணுவது என்ற தீர்மானத்தையும் அவரிடமே விடுவது. அவர் தீங்கு செய்யக்கூடும் என்ற இடம் அதில் திறந்தேயிருக்கிறது. அந்த இடத்தை முற்றிலும் அடைத்துவிட்டால் மிஞ்சுவது கடிகாரம்.

திருக்குறளில் தெரிந்து தெளிதல் என்று 51ஆவது அதிகாரம் இருக்கிறது. ஆராயாமல் நம்புவது, நம்பியபின் ஐயப்படுவது ஆகிய இரண்டையும் ஒரே தராசில் வைத்து அந்த அதிகாரம் முடிகிறது. அது அரசனுக்குச் சொன்னது. அறம், பொருள், இன்பம், உயிர்ப்பயம் என்று நான்கு விதத்தில் ஒருவரைச் சோதித்துப் பார்க்க அரசனுக்கு அவகாசம் உண்டு. நமக்கு ஒரு சாயங்காலம். அந்தச் சாயங்காலத்தில் விலையை மட்டும் கேட்டுவிட்டு, மறுநாளிலிருந்து குளியலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சந்தேகப்படத் தொடங்குகிறோம். உட்கார்ந்திருப்பவருக்கு எதைப் பார்க்கவேண்டும் என்பது தெரியாது. அறிவில்லாத சந்தேகம் மேற்பார்வை ஆகாது. வேலை செய்பவரை அவமதிப்பதோடு அது முடிந்துவிடுகிறது.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். ரஸ்கின் 1860இல் எழுதிய 'அன்ட்டு திஸ் லாஸ்ட்' கட்டுரைகளில் ஒரு வாதம் வருகிறது. கூலி எல்லோருக்கும் ஒரே விகிதமாக இருக்கட்டும்; நல்ல வேலைக்காரரை அமர்த்துங்கள். மட்டமாகச் செய்பவர் பாதிக் கூலிக்கு வருகிறேன் என்று சொல்லி நல்லவரின் இடத்தைப் பிடிக்கவோ அவர் கூலியை இறக்கவோ விடாதீர்கள். வைத்தியரைத் தேர்ந்தெடுப்பதுபோலக் கொத்தனாரையும் தேர்ந்தெடுக்கலாம். தேர்ந்தெடுக்கப்படுவதே நல்ல வேலைக்காரருக்கு உரிய வெகுமதி. காந்தி 1904இல் ரயில் பிரயாணத்தில் இந்தப் புத்தகத்தைப் படித்து, 1908இல் குஜராத்தியில் 'சர்வோதயம்' என்று சாரமாகத் தந்தார். சர்வோதயம் என்ற சொல் நம்மிடம் தங்கியது. கொத்தனாரைப் பற்றிய வாதம் தங்கவில்லை.

கணக்குப் பார்க்கலாம். ஐந்துக்கு ஏழு குளியலறையில் தரை 35 சதுர அடி. ஏழடி உயரத்துக்குச் சுவர் என்றால், கதவைக் கழித்துச் சுமார் 150. ஆக 185 சதுர அடி. கூடத்தில் இதே 185 சதுர அடியை நூல் பிடித்து விரைவாக ஓட்டிக்கொண்டு போகலாம். குளியலறையிலோ ஒவ்வொரு மூலைக்கும் வெட்டு, ஒவ்வொரு குழாய்க்கும் துளை, நாலு பக்கமும் வாட்டம். சதுர அடிக்கு இவ்வளவு என்று, அதிலும் நாலு பேரில் குறைந்த விலைக்குப் பேசி, மூன்று நாளில் முடிக்கச் சொன்னால், அந்த மனிதர் எங்கிருந்தாவது நேரத்தை எடுத்தாக வேண்டும். கண்ணுக்குத் தெரியும் இடத்திலிருந்து எடுக்க முடியாது. பூச்சு காயவேண்டிய நாளிலிருந்தும், தண்ணீர் கட்டி வைத்துப் பார்க்கவேண்டிய நாளிலிருந்தும்தான் எடுப்பார். நேர்மைக்கு ஆகும் செலவைக் கழித்துவிட்டுக் கூலி பேசுகிறோம். பிறகு நேர்மையைத் தேடுகிறோம். அவர் தம் கைக்காசைப் போட்டு நமக்கு ஒழுக்கமாக இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதற்கு என்ன நியாயம்?

அப்படியானால் பிழையெல்லாம் வீட்டுக்காரருடையது, உழைப்பவர் அப்பழுக்கற்றவர் என்று ஆகிவிடுமா? நம் முற்போக்குக் கதைகளில் ஆகும். கேட்ட கூலியும் கேட்ட நாளும் கொடுத்த பின்பும் ஐந்து உருண்டை வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஏமாற்றும் சக்தி ஒருவருக்கு இல்லை என்று சொல்வது அவரை உயர்த்துவதாகாது, அவரைக் கடிகாரமாக்குவதுதான். நல்ல கூலி நேர்மையை உண்டாக்கும் என்று நான் சொல்லவில்லை. அது நேர்மைக்கு இடம் விடும், அவ்வளவே.

தேர்வு அந்த இடத்துக்குப் பிறகுதான் தொடங்குகிறது. நான் பார்த்த வரையில் சில அடையாளங்கள் பிரயோஜனப்படுகின்றன. மூடப்படப்போவதைப் பற்றி, கேட்காமலேயே பேசுகிறவர். பூச்சு காய்ந்ததும் ஒரு முழு நாளாவது, முடிந்தால் இரண்டு நாள், தண்ணீர் கட்டி நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் டைலில் கை வைப்பேன் என்கிறவர். நாம் ஆசைப்பட்டு வாங்கிய பளபளப்பான டைல் ஈரத்தரையில் வழுக்கும், ஆகாது என்று மறுக்கிறவர். கீழ்வீட்டில் ஆள் குடியிருக்கிறார்களா என்று கேட்கிறவர். இவை அவர் குணத்துக்கு நிரூபணம் ஆகமாட்டா. அவர் கவனம் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் காட்டுகின்றன. வேலையைப் பற்றி நமக்கும் ஓரளவு தெரிந்திருந்தால்தான் அது நம் காதில் விழும். நல்ல வேலைக்காரருக்கு நாம் செய்யக்கூடிய முதல் மரியாதை, அவர் செய்வது நல்லது என்று தெரிந்துகொள்ளக்கூடியவராக இருப்பது.

சோதனைகளை ஆரம்பத்திலேயே பேசிவிட்டால் அவை சந்தேகத்தின் காரியம் ஆகா. ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி அது தாரையைத் தேடிப் போகிறதா என்று இருவருமாகப் பார்க்கலாம். கலவை இறுகியபின் ஒவ்வொரு டைலையும் நாணயத்தால் தட்டிப் பொள்ளல் ஓசை கேட்கிறதா என்று அவரையும் வைத்துக்கொண்டே கேட்கலாம். அவர் போன பிறகு தட்டுவதுதான் அசிங்கம். முன்கூட்டியே ஒப்புக்கொண்ட சோதனை வேலையின் பகுதியாகிவிடுகிறது. அதன் பிறகு ஸ்டூல் தேவையில்லை. குறள் விலக்கிய இரண்டு பிழைகளுக்கும் நடுவில் இப்படி ஒரு வழி இருக்கிறது.

இதை அவரவர் சௌகரியம் என்று விட்டுவிட முடியாததற்குக் கீழ்வீட்டுக்காரர் ஒரு காரணம். ஆளைத் தேர்ந்தெடுத்தது அவரில்லை. விலை பேசியதும் அவரில்லை. என் பேரத்தில் நான் மிச்சம் பிடித்த தொகை அவர் கூரையில் பச்சை படர்ந்து இறங்குகிறது. நம்பி விட்டுவிட்டேன் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்போது, நான் பணயம் வைத்ததில் அவருடையதும் இருக்கிறது. தன் நஷ்டத்துக்குத் தானே துணிந்தவனின் தாராளம் இங்கே செல்லாது.

எல்லாம் செய்த பிறகும் கொஞ்சம் மிஞ்சும். தண்ணீர் நிறுத்திய இரண்டு நாளும் இறங்காமல் இருந்த பூச்சின்மேல், அடுத்த நாள் கலவை போடும்போது மண்வெட்டி பட்டிருக்கலாம். அதை அப்போதே பூசி அடைத்தாரா, கலவையைத் தள்ளி மூடினாரா என்பது அவருக்கு மட்டும் தெரியும். அந்த மிச்சத்துக்குத்தான் நம்பிக்கை என்ற சொல்லை வைத்துக்கொள்ளவேண்டும் என்று நினைக்கிறேன். தெரிந்துகொள்ளக்கூடியதைத் தெரிந்துகொள்ளச் சோம்பியிருந்துவிட்டு, கொடுக்கவேண்டிய கூலியிலும் நாளிலும் பிடித்துக்கொண்டுவிட்டு, அதற்கும் நம்பிக்கை என்று பெயர் வைப்பது அந்தச் சொல்லையே பொள்ளலாக்குவது.