இசைத்தட்டுக் கொடையும் புகழ் உலோபமும்

தாம் கேட்டு மகிழ்ந்த இசையைப் பிறரையும் கேட்கச் செய்வது தானத்தின்பாற் படுமா, அன்றி ஆசையைப் பெருக்கும் மற்றொரு வழிதானா என்னும் வினாவைத் தில்லியில் வாழும் நம் அன்பர்கள் சிலர் நம்மிடம் எழுப்பியுள்ளனர். வாரம் முழுதும் கோப்புகளிடையே கழித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஒருவர் இல்லத்தில் கூடி, தத்தமக்கு விருப்பமான ஜாஸ், சோல், ராக் இசைத்தட்டுகளை ஒருவர்க்கொருவர் இட்டுக் காட்டும் வழக்கம் அவர்களுக்கு உண்டு. இவ்வாறு கூடுவதில் குற்றமொன்றும் நாம் காணோம். ஆயினும் அவர்கள் கேட்ட கேள்வி சிறியதன்று. ஆதலின் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

முதற்கண் ஓர் ஐயத்தை அகற்றிவிடலாம். இசை கேட்பதே பௌத்தர்க்கு ஆகாது என்பாருளர். ஆடல், பாடல், வாத்தியம் ஆகியவற்றினின்று விலகுதல் உபோசத நாளில் இல்லறத்தார் மேற்கொள்ளும் எண்சீலத்தில் அடங்கும். நாள்தோறும் காக்கும் பஞ்சசீலத்தில் அது சொல்லப்படவில்லை. தீக நிகாயத்தில் பஞ்சசிகன் என்னும் கந்தருவன் பகவனின் முன்னிலையில் யாழிசைத்துப் பாடிய வரலாறு வருகிறது. அவன் பாடியதோ தன் காதலியை நினைந்து புனைந்த பாட்டு. பகவன் முகஞ் சுளித்தாரில்லை. நரம்பொலியும் குரலும் ஒன்றையொன்று மீறாமல் இசைந்திருந்ததைப் பாராட்டினார். அதனோடு அமையாமல், இப்பாட்டை நீ எப்போது இயற்றினாய் என்றும் வினவினார். கேட்ட இசை எவரிடமிருந்து, எந்நிலையில் பிறந்தது என்று கேட்டறியும் அவ்வழக்கத்தை நம் அன்பர்கள் கருத்திற் கொள்ளவேண்டும். இக்கட்டுரையின் பொருளும் அதுவே.

நிற்க. ஒருவன் சோற்றைக் கொடுத்தால் அவன் பானையில் அவ்வளவு குறையும். அக்குறைவைப் பொறுத்துக்கொள்வதிலேதான் அவன் ஈகை விளங்குகிறது. இசைத்தட்டைப் பிறர் கேட்பதனால் கொடுத்தவனுக்கு ஒன்றும் குறைவதில்லை. மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபியைப் போல எத்துணைப் பேர்க்கு வழங்கினும் அது நிறைந்தே இருக்கிறது. குறையாத பொருளைக் கொடுப்பதில் உலோபம் எங்கே நுழைய முடியும் என்று கேட்கத் தோன்றும். நுழைய முடியும் என்பதே நம் கருத்து.

மச்சரியம் எனப்படும் உலோபத்தை ஐவகையாகப் பகவன் பகுத்துரைத்தார். உறைவிடத்தைப் பற்றியது ஒன்று. தம்மை ஆதரிக்கும் குடும்பத்தைப் பற்றியது ஒன்று. கிடைக்கும் ஊதியத்தைப் பற்றியது ஒன்று. வண்ணத்தைப் பற்றியது ஒன்று. தருமத்தைப் பற்றியது ஒன்று. இவற்றுள் வண்ணம் என்னும் பாலிச் சொல் நிறத்தையும் அழகையும் குறிப்பதோடு புகழையும் குறிக்கும். புகழ் தம்மை விட்டுப் பிறரைச் சேர்வதைப் பொறாத மனமே வண்ண மச்சரியம் உடையது. ஏனைய நான்கும் பெரும்பாலும் கையிலுள்ள பொருளையோ இடத்தையோ பற்றியன என்பதால் எளிதில் கண்டுகொள்ளலாம். இதுவோ தானத்தின் வேடத்தையே புனைந்துகொண்டு வரவல்லது.

ஒரு காலத்தில் தில்லியில் இவ்விசை கிடைத்தற்கு அரியதாயிருந்தது. வெளிநாட்டுத் தட்டுகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடுகள் இருந்தன. கல்கத்தாவை அடுத்த டம்டம் தொழிற்சாலையில் அச்சிடப்பட்டுவந்த சிலவும், கடல் கடந்து சென்றோர் பெட்டியில் வைத்துக் கொணர்ந்த சிலவுமே கைக்குக் கை மாறின. மற்றவர்க்குச் சிற்றலை வானொலியே கதி. 1955 ஜனவரி முதல் அமெரிக்காவின் குரல் நிலையத்தில் வில்லிஸ் கானோவர் என்பவர் நடத்திய ஜாஸ் நிகழ்ச்சியை உலகெங்கும் இரவு நேரங்களில் காதை வானொலிப் பெட்டியோடு ஒட்டவைத்துக் கேட்டனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதார்க்கும் விளங்குமாறு அவர் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானமாக உச்சரிப்பார். 1969-இல் தில்லி வானொலியின் யுவவாணி தோன்றியபின் இளைஞர்க்கு வேறொரு வாயிலும் திறந்தது. அந்நாளில் ஒரு தட்டை வைத்திருப்பவன் செல்வனாகவே கருதப்பட்டான். எவர்க்கும் இரவல் தராமல் பூட்டி வைப்பது ஊதியத்தைப் பற்றிய உலோபம், அது வெளிப்படையானது.

பின்னர் ஒலிநாடாக்கள் வந்தன. ஒன்றிலிருந்து ஒன்றாகப் படியெடுத்து நண்பர்கள் வழங்கிக்கொண்டனர். தட்டின் உறையில் அச்சிடப்பட்டிருந்த பெயர்கள் அந்நாடாக்களோடு பயணம் செய்யவில்லை. மேலட்டையில் மையினால் 'ஜாஸ் – 2' என்றோ 'நல்ல பாட்டுகள்' என்றோ எழுதியிருக்கும். டிரம் அடித்தவன் எவன், சாக்ஸபோன் ஊதியவன் எவன் என்பது போயிற்று. இன்று கைபேசியில் எந்தத் தட்டையும் எவரும் நொடிப்பொழுதில் கேட்கலாம். அருமை என்பது முற்றும் நீங்கிவிட்டது. ஆகவே தட்டைக் கொடுப்பவன் இன்று உண்மையில் தட்டைக் கொடுக்கவில்லை. இதைக் கேளுங்கள் என்னும் சொல்லையே கொடுக்கிறான். அச்சொல்லுக்கு அவன் பெற விரும்பும் விலை யாது? "இதை எங்கே கண்டுபிடித்தீர்!" என்னும் வியப்புரையே. பாட்டை இயற்றியவன் வேறெங்கோ இருக்க, புகழ் கொணர்ந்தவன் மடியில் விழுகிறது. அதை அவன் தடுப்பதுமில்லை.

இதற்குத் தில்லியோடு தொடர்புடைய ஒரு சான்றையே காட்டலாம். 1963-ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் சார்பில் டியூக் எலிங்டன் தம் குழுவினரோடு மேற்காசியாவிலும் நம் நாட்டிலும் பயணம் செய்தார். அவ்வாண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரில் கறுப்பின மக்களின் தேவாலயத்தில் வெடிகுண்டு வைக்கப்பட்டு நான்கு சிறுமியர் மாண்டனர். தம் நாட்டில் தம் மக்கள் இந்நிலையிலிருக்க, அந்நாட்டின் தூதர்களாகவே அவ்விசைவாணர்கள் நாடு நாடாகச் சென்றுகொண்டிருந்தனர் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். தில்லிக்கு வந்ததும் எலிங்டன் நோயுற்று மருத்துவமனையில் தங்க நேர்ந்தது. அவருடன் வந்திருந்த பில்லி ஸ்ட்ரேஹார்ன் தங்கிய அறையில் ஒரு மைனா பாடிக்கொண்டிருந்ததாம். அப்பறவையின் இசைத்துணுக்கிலிருந்து ஒரு பாட்டு பிறந்தது. 1966 டிசம்பரில் ஒலிப்பதிவாகி 1967-இல் வெளிவந்த 'ஃபார் ஈஸ்ட் சூட்' என்னும் தட்டில் தில்லியின் நீலப்பறவை என்னும் பெயரோடு அது இடம்பெற்றிருக்கிறது. ஜிம்மி ஹாமில்டனின் கிளாரினெட் அங்கே பறவையாகிறது. ஆக்ராவின் பெயராலும் அதே தட்டில் ஒரு பாட்டு உண்டு.

தில்லியிலே கூடிக் கேட்போர் இத்தட்டை எலிங்டனின் தட்டு என்றே சொல்லி இடுவர். அது பிழையன்று, ஆனால் பாதிதான். ஸ்ட்ரேஹார்ன் 1939 முதல் தம் இறுதிவரை எலிங்டனோடு உழைத்தவர். அக்குழுவின் அடையாளமாகவே உலகறிந்த 'டேக் தி ஏ டிரெயின்' அவர் இயற்றியது. அவர் எழுதியவற்றுள் பல நெடுங்காலம் எலிங்டன் பெயராலேயே வழங்கின. இதற்காக எலிங்டனைக் குற்றக் கூண்டில் நிறுத்துதல் நம் நோக்கமன்று. தம் தோழரை அவர் வாயார வாழ்த்தியே வந்தார். ஒரு பெரிய பெயர் இருக்குமிடத்தில் உலகம் மற்றொரு பெயரைத் தேடுவதில்லை என்பதே இங்கு அறியவேண்டுவது. 1967 மே 31-இல் ஸ்ட்ரேஹார்ன் புற்றுநோயால் மறைந்தபோது, அவர் நான்கு விடுதலைகளோடு வாழ்ந்தவர் என்று எலிங்டன் இரங்கலுரையில் எடுத்துரைத்தார்: வெறுப்பினின்று விடுதலை, தன்னிரக்கத்தினின்று விடுதலை, தான் செய்வது தன்னைவிடப் பிறனுக்கே மிகுதியாகப் பயன்படுமோ என்னும் அச்சத்தினின்று விடுதலை, உடன்பிறந்தானைவிடத் தான் உயர்ந்தவன் என்னும் செருக்கினின்று விடுதலை. மூன்றாவதைப் படித்தபோது, அங்குத்தர நிகாயத்தின் உரையாசிரியரில் ஒருவர் எழுதியதோ என்று நமக்குத் தோன்றிற்று.

ஜாஸ் கேட்போர் கூட்டத்தில் முதலில் வந்து விழும் தட்டு மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. 1959-இல் நியூயார்க்கில் இரண்டே நாட்களில் பதிவானது. அதிலுள்ள 'ப்ளூ இன் க்ரீன்' டேவிஸின் பெயரில் வெளிவந்தது. அது தம்முடையதென்று பியானோ வாசித்த பில் எவான்ஸ் கூறிவந்தார். சோல் இசையை எடுத்துக்கொண்டாலும் இதே வகைதான். 'ரெஸ்பெக்ட்' என்றவுடன் அரீத்தா ஃபிராங்க்ளினை நினைக்கிறோம். 1967-இல் அவர் பாடியது அப்பாட்டின் பொருளையே மாற்றிப் பெண்ணின் குரலாக்கிற்று என்பது உண்மை. எனினும் 1965-இல் அதை எழுதிப் பாடிய ஓட்டிஸ் ரெட்டிங்கை எத்தனை பேர் அறிவர்? ராக் இசையில் செய்தி நீதிமன்றம் வரை சென்றது. லெட் ஸெப்பலின் குழுவினர் 1969-இல் வெளியிட்ட 'ஹோல் லாட்டா லவ்' என்னும் பாட்டு, வில்லி டிக்சன் எழுத மடி வாட்டர்ஸ் 1962-இல் பாடிய பாட்டைத் தழுவியது என்று டிக்சன் 1985-இல் வழக்குத் தொடுத்தார். 1987-இல் உடன்பாடு ஏற்பட்டது. பின்வந்த பதிப்புகளில் அவர் பெயரும் சேர்க்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அப்பாட்டை நண்பர்க்கு மகிழ்ந்து கொடுத்தோர் எண்ணிறந்தோர். அவர்கள் ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் ஒரு மனிதனின் பெயர் அவர்கள் கையினூடே நழுவிப் போயிற்று.

பெயர் போனால் என்ன, இன்பம் இருக்கிறதே என்று பிறர் சொல்லலாம், நாம் சொல்லலாகாது. நம் பாட்டன்மார் அடித்த பறையை ஊரெல்லாம் கேட்டது. சாவுக்கும் திருவிழாவுக்கும் அவ்வொலி வேண்டியிருந்தது. அடித்தவன் பெயரை எவர் கேட்டார்? கருவியின் பெயரே சாதியின் பெயராயிற்று. அச்சொல்லே ஆங்கிலத்திலும் புகுந்து, தள்ளுண்டவன் என்று பொருள் கொண்டது. எத்தனை தலைமுறை வித்துவான்கள் அங்ஙனம் பெயரின்றிப் புதையுண்டனரோ, கணக்கில்லை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் நிலையும் நம் நிலையும் ஒத்திருத்தலை எடுத்துக்காட்டி டாக்டர் அம்பேத்கர் 1946-இல் அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸுக்கு மடல் எழுதினார். அம்மக்களின் இசையைக் கேட்டு மகிழும் நாம், அவர்கள் பெயர்களைக் கேளாமல் விடுவது பிற எவர் விடுவதினும் இழுக்குடையது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பெயர் சொல்லவேண்டும் என்றதும், பாட்டைத் தொடங்கவிடாமல் அரைமணி நேரம் விரிவுரையாற்றும் அன்பர்களை நாம் அறிவோம். அதுவும் மேற்சொன்ன நோயின் மற்றொரு குறியே. அங்கே புகழைப் பெறுபவர் விரிவுரையாளர். இயற்றியவர், வாசித்தவர், ஆண்டு, ஊர் என்பவற்றைச் சொல்லிமுடிக்க ஒரு நிமிடம் போதும். பிறகு வாய் மூடவேண்டும். நெடுந்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய இருபது நிமிடம் ஓடும். பிறன் கொணர்ந்த தட்டுக்காக இருபது நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருப்பது, கேட்பவன் செய்யும் தானம். இது பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை. முடிவில் அவன் தனக்கு அது பிடிக்கவில்லை என்று சொன்னால், கொணர்ந்தவன் முகம் வாடுகிறதா என்று அவனே தன்னை நோக்கிக்கொள்ளட்டும். வாடுமாயின், அவன் கொடுத்தது இசையன்று. தன்னையே பாராட்டுக்கு நீட்டியிருக்கிறான். மைல்ஸ் டேவிஸுக்கு நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தால் ஏற்றமும் இல்லை, தாழ்வும் இல்லை.

படியெடுத்து வழங்குதலைப் பற்றியும் ஒரு சொல். தம் இல்லத்தில் தட்டை இட்டு வந்தவரைக் கேட்கச் செய்வது களவன்று. விலைக்குக் கிடைக்கும் இசையை விலையின்றிப் படியெடுத்துப் பலர்க்கும் பரப்புதலோ, பாடியவர்க்கு வரவேண்டிய கூலியைத் தாம் எடுத்துத் தானமிடுவதாகும். இரண்டாம் சீலத்தைக் காப்போர் அதைச் செய்யார். இன்று வாழும் கலைஞர்க்கு இது குறிப்பாகப் பொருந்தும். பணம் அவர்கள் கைக்குப் போய்ச் சேரும் வழி எதுவோ அவ்வழியில் ஒரு தட்டையேனும் வாங்குக.

அன்பர்கள் அடுத்த முறை கூடும்போது இடுவதற்குத் தட்டொன்றைக் கூறுமாறு கேட்டிருந்தனர். ஸ்ட்ரேஹார்ன் மறைந்த சில திங்களுக்குள் எலிங்டன் குழுவினர் முழுக்க முழுக்க அவர் பாட்டுகளையே வாசித்து ஒரு தட்டைப் பதிவு செய்தனர். அவருடைய தாய் அவரை அழைத்த செல்லப்பெயரைக் கொண்டு, 'அண்ட் ஹிஸ் மதர் கால்ட் ஹிம் பில்' என அதற்குப் பெயரிட்டனர், 1968-இல் வெளிவந்தது. பதிவு முடிந்து இசைவாணர்கள் கருவிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கையில், எலிங்டன் தனியே பியானோவின் முன் அமர்ந்து, தாமரை மலர் என்று பெயர்கொண்ட ஸ்ட்ரேஹார்னின் பாட்டை வாசித்தார். தம் வாசிப்பில் ஸ்ட்ரேஹார்ன் விரும்பிக் கேட்டது அதுவே என்றார். ஒலிப்பதிவை நிறுத்தாமல் விட்டிருந்தனர். தொடக்கத்தில் ஆட்கள் பேசும் அரவமும் பொருள்கள் நகரும் ஓசையும் பியானோவின் பின்னால் கேட்கின்றன. ஒலியைச் சற்றுக் கூட்டிவைத்துக் கேளுங்கள்.