அடிப்புறம் பூசாத மேசை



மே மாதம் முதல் தேதி, தொழிலாளரான அர்ச்சியசிஷ்ட சூசையப்பரின் திருநாள். 1955-ம் ஆண்டு அதே தேதியில், இத்தாலியக் கிறிஸ்தவத் தொழிலாளர்களின் பெருங்கூட்டத்திற்கு முன், 12-ம் பத்திநாதர் பாப்பரசர் இத்திருநாளை ஏற்படுத்தினார். அதை முன்னிட்டு, உங்களில் அநேகர் அறிந்த ஒரு பொருளைப் பற்றி இவ்வாரம் சொல்ல விரும்புகிறேன்.

சுவாமியார் பங்களாவின் முன்னறையில் குட்டையான டீப்பாய் ஒன்று கிடக்கிறதே, அதுதான் அது. கலியாண ஓலை எழுத வந்தவர்களும், வழக்குச் சொல்ல வந்தவர்களும் அதன்மேல் காப்பித் தம்ளரை வைத்திருக்கிறீர்கள். அது கடையில் வாங்கியதன்று. என் கையால் உண்டாகி, என் கையாலேயே கெட்டு, ஓர் ஆசாரியாரின் கையால் பிழைத்தது.

கோயில் தோட்டத்தில் காற்றில் விழுந்த மாமரத்தை அறுத்து, பலகைகளை நிழலில் அடுக்கி, இரண்டு வருஷம் காயவிட்டிருந்தோம். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் காயவேண்டும் என்பது தச்சர்களின் கணக்கு. கால்களில் துளை தோண்டி, சட்டங்களின் முனையைக் கழுந்தாக அறுத்துச் சொருகினேன். மூன்று பலகைகளைப் பக்கம் பக்கமாக ஒட்டி மேற்பலகை ஆக்கினேன். முரட்டு உப்புத்தாளால் தேய்த்து, பிறகு மென்மையான தாளால் ரேகையின் போக்கிலேயே தேய்த்தேன். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைப் பஞ்சுப் பொட்டலத்தில் தொட்டு எட்டுத் தரம் பூசினேன். மேற்புறம் கண்ணாடி போல் மின்னிற்று. அடிப்புறத்தையோ பூசாமல் விட்டுவிட்டேன். குனிந்து பார்க்கப் போகிறவர் யார் என்று எண்ணினேன்.

ஐப்பசி மழை வந்தது. பத்து நாளுக்குள் பலகையின் இரு விளிம்புகளும் மேலே எழும்பி, நடுவே பள்ளம் விழுந்தது. வைத்த தம்ளர் ஆடிற்று. ஆசாரியாரை அழைத்தேன். அவர் மினுக்கத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை; மேசையைக் கவிழ்த்துப் போட்டார்.

“சாமி, மேலே எட்டுத் தரம் பூசியிருக்கீங்க, கீழே ஒரு தரம்கூடப் பூசலையே! ஈரம் கீழ்ப்பக்கமா ஏறி உப்பியிருக்கு. கீழே உப்பினா மேலே வளையாம என்ன செய்யும்?” என்றார்.

பிரியமானவர்களே, மரம் அறுபட்டபின்பும் காற்றின் ஈரத்தை வாங்கிக்கொண்டே இருக்கிறது. மழையில் அகலவாக்கில் விரியும், வெயிலில் சுருங்கும். இருபுறமும் ஒன்றுபோல் பூசினால் இருபுறமும் மெதுவாக, ஒரு சீராக மாறும். ஒரு புறம் மூடி மறுபுறம் திறந்திருந்தால் பலகை கோணும். ஆகையால் கண்ணுக்குத் தெரியும் பக்கத்தைக் கெடுப்பது கண்ணுக்குத் தெரியாத பக்கமே.

நம் ஆத்துமமும் இப்படித்தான் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடுத்திப் பூசைக்கு வருகிறோம். சபைக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்காருகிறோம். இது மேற்புறம். கடையில் நிறுக்கும் தராசு, வேலைக்காரிக்குக் கொடாமல் நாள் கடத்தும் கூலி, கதவு சாத்திய பின் மனைவியிடம் பேசும் பேச்சு, தம்பிக்குச் சேரவேண்டிய பங்கைக் கொடாமல் வைத்திருக்கும் பத்திரம், இவை அடிப்புறம். வெயில் காலத்தில் வித்தியாசம் தெரியாது. நஷ்டமோ, நோயோ, அவமானமோ மழையாக வந்து பெய்யும்போது, பூசாத பக்கத்தின் வழியாக ஈரம் ஏறும். அப்பொழுது ஊரார் காண மேற்பலகை வளையும். பாத்திரத்தின் வெளிப்புறத்தைக் கழுவி உட்புறத்தை அழுக்காக விட்டவர்களை நமதாண்டவர் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்! குருவாகிய நானும் இதற்கு விலக்கல்ல. அந்த மேசையைப் பார்க்கும்தோறும் என் அடிப்புறத்தைத்தான் நினைக்கிறேன்.

இன்னொன்றும் கேளுங்கள். “இப்பொழுதே இழைத்துச் சமமாக்கிவிடும்” என்று அவசரப்பட்டேன். ஆசாரியார் இழைப்புளியைத் தொடவில்லை. “ஈரத்தோட இழைச்சா இன்னிக்கு நேராத் தெரியும், சாமி. காய்ஞ்சப்புறம் அந்தப் பக்கமா வளைஞ்சுடும். தை வரட்டும்” என்றார். பலகையைக் கழற்றி, இருபுறமும் காற்றுப் படும்படி நிழலில் நிறுத்தினார். வாரந்தோறும் வந்து திருப்பி வைத்துப் போனார். தை பிறக்கும்போது வளைவில் பெரும்பாகம் தானாகவே நீங்கியிருந்தது. மிச்சத்தைத்தான் இழைத்தார்.

தகப்பன்மாரே, பரீட்சையில் தவறிய மகனையும், சொல் மீறிய மகளையும் நாம் ஈரத்தோடு இழைக்கிறோம். கோபத்தில் சொன்ன ஒரு வார்த்தை பிள்ளையை அன்றைக்கு நிமிர்த்தினாற்போல் தோன்றும். பத்து வருஷம் கழித்து அவன் மறுபக்கமாய் வளைந்து, கடிதம்கூட எழுதாமல் இருப்பான். காத்திருப்பது வேறு, கைவிடுவது வேறு. ஆசாரியார் வாரந்தோறும் வந்தார் என்பதை மறவாதீர்கள்.

பிறகு இருபுறமும் பூசி, பலகையைச் சட்டத்தில் மாட்டினார். நான் முன்பு இறுக்கிய இடங்களில் திருகாணித் துளைகளைக் குறுக்கே சற்று நீளமாக்கினார். பலகை விரியவும் சுருங்கவும் அது இடமாம். அசையவிடாமல் இறுக்கிப் பிடித்தால் கோடையில் வெடித்துவிடுமாம். ஒரே கூரையின்கீழ் வாழும் மாமியாரும் மருமகளும், அண்ணனும் தம்பியும் இதை யோசிப்பார்களாக. பிடிப்பு வேண்டும், ஒருவர்க்கொருவர் கொஞ்சம் இடமும் வேண்டும்.

இப்போது நசரேத்துக்குப் போவோம். சேசுநாதர் போதிக்கத் தொடங்கியபோது அவருக்கு ஏறக்குறைய முப்பது வயது. உலகம் கண்டது கடைசியில் சில வருஷங்களையே. மற்றதெல்லாம் ஒரு சிறிய ஊரில், ஒரு தச்சுப் பட்டறையில் மறைந்து கிடந்தது. அவர் கலப்பையும் நுகத்தடியும் செய்தார் என்று 2-ம் நூற்றாண்டில் வேதசாட்சியான அர்ச். ஜஸ்தீன் எழுதி வைத்திருக்கிறார். சொந்த ஊராரோ, தச்சனின் மகன்தானே என்று இகழ்ந்து இடறல் பட்டார்கள். கைத்தொழிலைத் தாழ்வாக எண்ணி, ஆசாரி வீடு, கொத்தன் வீடு என்று சம்பந்தம் தள்ளுகிறவர்கள் நம் பங்கிலும் இருந்தால், தாங்கள் யாரோடு சேர்ந்து நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளட்டும்.

அர்ச். சூசையப்பர் பேசிய ஒரு வார்த்தைகூடச் சுவிசேஷங்களில் இல்லை. திருக்குடும்பத்தில் அவர் கண்ணுக்குத் தெரியாத பக்கமாக இருந்தார். அந்தப் பக்கம் கோணாமல் இருந்தபடியால்தான், ஏரோதின் கோபமும் எஜிப்து நாட்டுப் பரதேசமும் அக்குடும்பத்தை வளைக்க முடியவில்லை.

ஆகையால் இவ்வாரம் இரவு செபமாலை முடிந்ததும் ஐந்து நிமிஷம் ஆத்தும சோதனை செய்யுங்கள். அன்றைய நாளைக் கவிழ்த்துப் பாருங்கள். கொடாத கூலியைக் கொடுத்துவிடுங்கள். பேசாதிருக்கும் மகனுக்கு இரண்டு வரி எழுதுங்கள். சனிக்கிழமை மாலை பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வாருங்கள். அதுவே நம்மைக் கவிழ்த்து, அடிப்புறத்தைக் காய வைத்துப் பூசும் பட்டறை.

ஞாயிறு பூசைக்குப்பின் பங்களாவுக்கு வருகிறவர்களுக்கு அந்த மேசையைத் திருப்பிக் காட்டுகிறேன். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.

எங்கள் பாதுகாவலரான அர்ச். சூசையப்பரே, ஒருவரும் காணாத இடத்தில் நாங்கள் செய்கிற வேலை சர்வேசுரனுக்கு ஏற்றதாகும்படி எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.