கடையில் அடங்கும் கோபம்



மனைவியை அடித்தவனை ஜமாஅத்துப் பெரியவர்கள் அழைத்து விசாரித்தால், "கோபத்தில் கை நீண்டுவிட்டது" என்பான். நாமும் தலையை ஆட்டிக் கொள்கிறோம். வியாபாரிகளான நாம் இந்தப் பதிலை அப்படியே வரவு வைக்கலாமா? உடுத்திப் பார்த்த துணியைத் திருப்பிக் கொண்டு வரும் வாடிக்கைக்காரரிடம் நமக்குக் கோபம் வருவதில்லையா? ஆறு மாதமாகப் பாக்கி தராதவர் எதிரே உட்கார்ந்து தேநீர் அருந்தும்போது வருவதில்லையா? வருகிறது, ஆயினும் சிரித்துப் பேசி அனுப்புகிறோம். அங்கே அடங்கிய கை, வீட்டு வாசற்படி தாண்டியதும், கேட்பாரில்லை என்ற துணிவில் நீள்கிறது.

அடிக்கும் ஆண்களுக்கு ஆலோசனை கூறுவோர் பலரும் இன்று இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். அமெரிக்காவில் துலூத் நகரில் 1981இல் உருவான முறையில், ஆண்கள் குழுவாக அமர்ந்து தங்கள் அதிகாரத்தைப் பற்றியே பேச வேண்டும். கைச்செலவுக் காசை எண்ணித் தருவது, தாய்வீட்டாரோடு பேச விடாதது, பிள்ளைகளைக் காட்டி மிரட்டுவது எல்லாம் அடியோடு ஒரே கணக்கில் சேரும். "அவள் வாய்தான் காரணம்" என்ற பேச்சு அங்கே செல்லாது. "நான் அடித்தேன்" என்று சொல்லப் பழக வேண்டும். இது எல்லோரையும் திருத்திவிடும் என்று சொல்வதற்கில்லை. ஆகையால் அவன் போய் வருகிறான் என்பதற்காக அவளுடைய பாதுகாப்பைத் தளர்த்தலாகாது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எந்தப் பெண்ணையும், எந்தப் பணியாளையும் தம் கையால் அடித்ததில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். கோபம் வந்தால் நிற்பவர் உட்காரவும், ஒளுச் செய்யவும் நாயகம் அவர்கள் கற்பித்தார்கள். ஆலோசகர்களும் சற்று விலகிப் போகச் சொல்கிறார்கள். ஆனால் எப்போது திரும்புவேன் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். கதவை அறைந்து சாத்திவிட்டு நள்ளிரவில் வருவது இன்னொரு மிரட்டல்.

நம் பஞ்சாயத்து வழக்கமோ, இருவரையும் ஒரே பாயில் உட்கார வைத்து, துஆ ஓதிச் சேர்த்து அனுப்புவது. அடித்தவன் பக்கத்தில் இருக்க அவள் எதைச் சொல்வாள்? தனித்தனியே கேளுங்கள், அவளிடம் முதலில் கேளுங்கள். வீடு திரும்ப அச்சமா என்று கேளுங்கள். சிங்கப்பூர் மாதர் சாசனத்தின் குடும்ப வன்முறைப் பகுதியும், மலேசியாவின் 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டமும் முஸ்லிம்களுக்கும் உரியவை. பாதுகாப்பு ஆணையோடு ஆலோசனைக்குப் போகும்படியும் நீதிமன்றம் கட்டளையிடலாம். அவள் அங்கே போவதைக் குடும்ப மானம் என்று சொல்லித் தடுக்க ஜமாஅத்துக்கு உரிமை கிடையாது, அடித்தவர் நம் சங்கத்துக்குப் பெருந்தொகை தருபவராயினும் சரியே.