வரைகலை இடைமுகமும் கட்டளை வரியும்: வளர்ச்சி என்னும் கருத்து குறித்துச் சில எண்ணங்கள்

கணிப்பொறிப் பயன்பாட்டில் கட்டளை வரி பழையது, வரைகலை இடைமுகம் புதியது. ஆதலின் பின்னதே வளர்ச்சியின் அடையாளம் என்னும் கருத்து பரவலாக உள்ளது. காலவரிசை இதற்கு முழுத் துணையாக நிற்கவில்லை. உரைக்கோப்பில் சொல் தேடும் ‘கிரெப்’ கட்டளை யூனிக்ஸ் இயங்குதளத்தில் இடம்பெற்றதும், சுட்டியும் வரைகலைத் திரையும் கொண்ட ஆல்டோ கணிப்பொறி செராக்ஸ் ஆய்வகத்தில் இயங்கத் தொடங்கியதும் 1973ஆம் ஆண்டிலேயே ஆகும்.

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னுரைகளில் ‘மர’ என்னும் வடிவைத் தேடும் ஆய்வாளரைக் கருதுக. ஒருங்குறியில் ‘ரு’ ஒற்றைக் குறியன்று. ரகரக் குறியும் உகரக் குறியும் அடுத்தடுத்து நிற்பதாகும். எனவே குறிகளை மட்டும் ஒப்பிடும் தேடல் மருதத்தையும் மருந்தையும் ‘மர’ என்றே கணக்கிடும். கிரெப் கட்டளையில் உரிய வரிகள் கண்முன் வருதலால் பிழை புலப்படும். கட்டளையை அப்படியே எழுதிவைத்தால் பிறரும் சோதிக்கலாம். எண்ணை மட்டும் தரும் தேடுபெட்டியில் இதற்கு இடமில்லை. என் ஆய்வேட்டிற்கு எடுத்த ஒரு சொல்லெண்ணிக்கை இவ்வாறே பிழைபட, பின்னர்க் கையால் எண்ணித் திருத்த நேர்ந்தது. (வரிகளையும் காட்டும் நல்ல தேடுபெட்டிகள் உள என்பதையும் கூறல் வேண்டும்.)

எனினும் கட்டளை வரியைப் போற்றுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். கிரெப் என்னும் பெயரே ஆங்கிலச் சுருக்கக் குறிகளிலிருந்து பிறந்தது. சித்தூர், தேவிகுளம், பீர்மேடு வட்டங்களில் தமிழ்வழி பயின்று, தோட்ட லயங்களிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவருக்குத் தமிழில் அமைந்த பட்டிகளே முதல் வாயில். அதனைச் சோம்பேறிகளின் வழி என இகழ்வது நேர்மையன்று. கேரளப் பள்ளிகளில் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டமும், அதன் தொடர்ச்சியாக 2017இல் உருவான ‘கைட்’ நிறுவனமும் பரப்பிய குனு/லினக்ஸில் பட்டியும் முனையமும் ஒரே திரையில் உள்ளன. ஆகவே வினா எது உயர்ந்தது என்பதன்று. எளிமை எதை மறைக்கிறது என்பதே.

1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் ஏட்டை அச்சாக்கி வாசிப்பை எளிதாக்கினார், பாடவேறுபாடுகளை மறைத்தாரல்லர். இன்றோ எம்மின்னுரையில், எக்கருவியால், எவ்வாறு தேடப்பட்டது என்னும் குறிப்பு, யான் படித்த ஆய்வேடுகள் பலவற்றில் ஓர் அடிக்குறிப்பாகக்கூட இடம்பெறவில்லை.