இடைவழி முத்திரை

யாரும் தவறு செய்யாமலே ஒரு தவறு நிகழ முடியுமா? ஜெரோம் சால்ட்சர், டேவிட் ரீட், டேவிட் கிளார்க் மூவரும் 1984ல் வெளியிட்ட ஒரு தொழில்நுட்பக் கட்டுரை இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியது. அமெரிக்காவில், எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் கணினி வலையில் நேர்ந்த ஒன்றை அதில் குறிப்பிடுகிறார்கள்.

அங்கே பல சிறு வலைகள். அவற்றை இணைக்க கேட்வே எனப்படும் கணினிகள். அனுப்பும் விஷயம் பாக்கெட்டுகளாகத் துண்டுபட்டு, விலாசம் தாங்கி, ஒரு கேட்வேயிலிருந்து அடுத்ததற்குப் போகும். உள்ளடக்கத்தைக் கணக்கிட்டுப் பெற்ற சரிபார்ப்பு எண்ணும் கூடவே போகும். பெறும் கணினி தானும் கணக்கிட்டு ஒப்பிடும். கம்பியில் பிசகினால் தெரிந்துவிடும். ஆகவே வலையை எல்லோரும் நம்பினார்கள்.

ஆனால் பிசகு ஒரு கேட்வேயின் உள்ளேயே இருந்தது. வாங்கியதை அனுப்பும் இடத்துக்குப் பிரதி செய்கையில், சுமார் 10 லட்சம் பைட்டுக்கு ஒரு முறை, இரண்டு பைட்டுகள் இடம் மாறின. மாறியதன் மேலேயே புதுச் சரிபார்ப்பு எண் விழுந்தது. அடுத்த கணினிக்கு எல்லாம் சரி. ஓர் இயங்குதளத்தின் மூல நிரல்கள் அவ்வழியே பலமுறை போய்வந்து, சில சிதைந்தன. உரியவர்கள் பழைய அச்சுப் பிரதிகளை வைத்துக்கொண்டு கையால் ஒப்பிட்டுத் திருத்த வேண்டியதாயிற்று.

காகிதத்தில் இனிஷியல் போடுவது, வங்கி குமாஸ்தாவான என் ஜீவனம். 'என்னிடம் வந்தபடியே இருக்கிறது' என்பதற்கு மேல் அந்த இனிஷியல் எதுவும் சொல்வதில்லை. அதையே 'சரியாக இருக்கிறது' என்று வாசிப்பதில்தான் ஸ்தாபனங்களின் நிம்மதி. பொய் சொன்னவர் ஒருவருமில்லாமல் ஒரு பொய் முத்திரையுடன் வந்து சேர்வது இப்படித்தான்.

முழுச் சரிபார்ப்பு இரு முனைகளில்தான் சாத்தியம் என்பது மூவரின் முடிவு. நடுவழிச் சோதனை வேகத்துக்கு உதவலாம், உத்தரவாதமாகாது. இதை நடுவில் இருப்பவனுக்கான விடுதலைப் பத்திரமாகச் சிலர் வாசிக்கக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொறுப்பைக் கண்ணிக்குக் கண்ணி பங்கிட்டால், பங்குகளின் கூட்டுத்தொகை மூலத்துக்குச் சமமாவதில்லை என்றே இதற்கு அர்த்தம். அர்த்தம் அறிந்தவர்கள் அனுப்பியவனும் பெற்றவனும். ஒப்பிடும் சிரமமும் அவர்களைச் சேர்ந்தது.

கேட்வேக்குத் தான் சுமப்பது இன்னதென்று தெரியாது. அதன்மேல் குற்றம் சொல்ல முடியாது. தெரிந்தும் கேட்வேயாக இருக்கச் சம்மதிக்கும் மனிதனைப் பற்றி அந்தக் கட்டுரை பேசவில்லை. அது பொறியியலின் வேலையுமல்ல. நாம்தான் பேச வேண்டும்.