தகப்பன் வீட்டைவிட்டுப் புறப்படும் வேளை எது?





வீடு சந்திப்புக்குப் போகிற இடங்களில், "பாஸ்டர், வீட்டு சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்க" என்று கேட்பார்கள். என்ன காரியம் என்று யாரும் வாய்திறந்து சொல்லுவதில்லை. ஜெபம் முடிந்து நான் செருப்பைப் போடும்போதுதான் விஷயம் வரும். வாலிபன் தெருமுனை வரைக்கும் கூடவே வந்து, "நாங்க தனியா போயிரலாம்னு பாக்கோம் பாஸ்டர். அது பாவமா?" என்று மெதுவாகக் கேட்பான். அவனுடைய தாயாரோ ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னை நிறுத்தி, "இவனும் போயிட்டா எனக்கு யாருய்யா இருக்கா?" என்பார்கள். மருமகள் ஒன்றும் கேட்கமாட்டாள். காத்திருப்பு ஜெபத்தில் முக்காட்டுக்குள் அழுவாள்.

இந்த மூன்று பேரும் ஒரே சபையில் இருக்கிறவர்கள். மூவரும் ஒரே ஆண்டவரிடத்தில் ஜெபிக்கிறவர்கள். ஆகவே இந்தக் காரியத்தை மூடி மறைக்காமல், வேத வெளிச்சத்தில் கொஞ்சம் நிதானித்துப் பார்ப்போம்.

இரண்டு கட்டளைகள்

பெற்றோரைக் கனம்பண்ணவேண்டும் என்பது பத்துக் கட்டளைகளில் ஐந்தாவது. அது நமக்கு ஞாயிறு பள்ளியிலிருந்தே மனப்பாடம். ஆனால் அதற்கு முந்தியே, ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில், பெற்றோரை விட்டு மனைவியோடு இசைந்திருப்பதைப்பற்றி எழுதியிருக்கிறது. அங்கே விட்டுப்போகிறவன் யார்? ஆண்! நம்முடைய ஊர் வழக்கமோ தலைகீழ். கல்யாணத்தன்று பெண்தான் தகப்பன் வீட்டை விடுகிறாள். ஆலங்குளத்திலிருந்தோ கடையநல்லூரிலிருந்தோ ஒரு பெட்டியோடு வருகிறாள். "நீ எப்போ புறப்படலாம்? உன் அம்மாவுக்கு யாரு இருக்கா?" என்று அவளிடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. மகன் பக்கத்துத் தெருவுக்குப் போனால் மட்டும் குடும்பமே உடைந்துபோனதாகப் பேசுகிறோம். இது நியாயமா என்று தகப்பன்மாரும் தாய்மாரும் யோசித்துப் பார்க்கவேண்டும்.

அதே சமயம் வாலிபர்களும் ஒன்றை மறக்கக்கூடாது. நம்முடைய பக்கத்தில் எத்தனையோ தாய்மார் பீடி சுற்றித்தான் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். குனிந்து குனிந்து கழுத்து போயிற்று, புகையிலைத் தூளில் நெஞ்சு போயிற்று. அந்தத் தாயை விட்டுப் போகும்போது ஆதியாகமத்தை மட்டும் தூக்கிக்காட்டி, ஐந்தாம் கட்டளையை ஒளித்துவைத்தால் அது வேதத்துக்குக் கீழ்ப்படிவதல்ல, வேதத்தை வக்கீலாக வைத்துக்கொள்வது.

வயது ஒரு அளவுகோலா?

வெளிநாட்டில் பதினெட்டு வயதானால் பிள்ளைகள் வீட்டைவிட்டுப் போய்விடுவார்கள் என்று நாம் நினைக்கிறோம். அப்படியல்ல. ஐரோப்பிய யூனியன் 2022-ல் எடுத்த கணக்கின்படி, அங்கே பிள்ளைகள் பெற்றோர் வீட்டைவிட்டுப் போகும் சராசரி வயது 26.4. பின்லாந்தில் 21.3, குரோஷியாவில் 33.4. ஒரே கண்டத்துக்குள் பன்னிரண்டு வருஷ வித்தியாசம்! ஆகவே இன்ன வயது என்று ஒரு சட்டம் எங்கும் இல்லை.

தூரமும் அளவல்ல. செங்கோட்டை தாண்டி கேரளாவுக்கும், அதையும் தாண்டி வளைகுடா நாடுகளுக்கும் வேலைக்குப் போனவர்கள் நமக்குள் உண்டு. 2011-ல் மத்தளம்பாறையில் ஜோஹோ கம்பெனி அலுவலகம் திறந்தபிறகு, கம்ப்யூட்டர் படித்தவர்கள் சென்னைக்குப் போகாமல் தாய் கையால் சாப்பிட்டுக்கொண்டே வேலைக்குப் போகவும் வழி உண்டாயிற்று. ஆனாலும் துபாயில் இருந்துகொண்டு வாரந்தோறும் தாயிடம் மனம்விட்டுப் பேசுகிற மகனும் இருக்கிறான். ஒரே கூரையின்கீழ் இருந்துகொண்டு தகப்பனோடு ஆறுமாதம் பேசாத மகனும் இருக்கிறான். இவர்களில் யார் வீட்டைவிட்டுப் போனவன்?

நாட்டுச் சட்டம் சொல்வது என்ன?

2016 அக்டோபரில் நம்முடைய உச்ச நீதிமன்றம் ஒரு விவாகரத்து வழக்கில் தீர்ப்பு சொன்னது. மகனுடைய வருமானத்தை நம்பியிருக்கிற பெற்றோரைவிட்டுப் பிரிந்து வரும்படி, தக்க காரணம் இல்லாமல் மனைவி விடாமல் வற்புறுத்துவது கணவனுக்குச் செய்கிற கொடுமை என்றது. சிலர் இதைப் பேப்பரில் படித்துவிட்டு, "பாத்தியா, கோர்ட்டே சொல்லிட்டு" என்று மருமகளிடம் காட்டினார்கள். ஆனால் அந்த வழக்கில் வேறு குற்றச்சாட்டுகளும் இருந்தன. தக்க காரணம் இருந்தால் கதை வேறு என்பதும் அந்தத் தீர்ப்புக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இன்னொரு காரியத்தைச் சொல்லுகிறது. தங்கள் வருமானத்தில் வாழமுடியாத பெற்றோர், ஆர்.டி.ஓ. தலைமையிலுள்ள தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பிள்ளைகள் கொடுக்கும்படி அங்கே உத்தரவு போட அந்தச் சட்டம் இடம்கொடுத்தது. கவனியுங்கள்: மகன் எந்த வீட்டில் குடியிருக்கிறான் என்பது அதற்குப் பெரிய காரியமல்ல, அம்மா சாப்பிட்டார்களா என்பதுதான் காரியம். தனியாகப் போவதை அது தடுக்கவில்லை. கைவிடுவதைத்தான் தண்டிக்கிறது.

தேவபிள்ளைகளே, அம்மாவுக்குச் சோறு போட ஆர்.டி.ஓ. உத்தரவு வரவேண்டும் என்றால், நாம் தூக்கிக்கொண்டு வருகிற பைபிளுக்கு என்ன மரியாதை?

அப்படியானால் வேளை எது?

பெற்றோரைவிட்டுப் போவதா, பெற்றோரைக் கனம்பண்ணுவதா என்று இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ளச் சொல்லி ஆண்டவர் நமக்குக் கட்டளை கொடுக்கவில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்ய உங்களால் முடிகிற நாள் எதுவோ, அதுவே புறப்படும் வேளை. அதை அறிந்துகொள்ள நான்கு கேள்விகளை உங்களையே கேட்டுப்பாருங்கள்.

முதலாவது, கோபத்தில் போகிறேனா? ஆபிரகாமின் மேய்ப்பருக்கும் லோத்தின் மேய்ப்பருக்கும் வாக்குவாதம் வந்தபோது, அது தங்கள் இருவருக்குள்ளும் வருவதற்கு முன்னமே ஆபிரகாம் பிரிவைப்பற்றிப் பேசினார். மூத்தவராயிருந்தும் இடத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமையை இளையவனுக்குக் கொடுத்தார். அதனால்தான் பின்னாளில் லோத்து சிறைப்பட்டபோது ஆபிரகாமால் ஓடிப்போய் மீட்க முடிந்தது. இரவு சண்டை, காலையில் ஆட்டோவில் சாமான் ஏற்றுவது என்றால் அது தப்பி ஓடுவது. கோபம் தணியட்டும், பிறகு பேசுங்கள்.

இரண்டாவது, இரண்டு அடுப்பு எரியுமா? ஒரு தாளை எடுத்து இரண்டு பக்கமாக எழுதுங்கள். வீட்டு அட்வான்ஸ், வாடகை, கேஸ், கரண்ட் பில், பிள்ளையின் பீஸ் ஒரு பக்கம். அம்மாவின் சுகர் மாத்திரை, அப்பாவின் கண் ஆபரேஷன், தங்கச்சி கல்யாணக் கடன் மறுபக்கம். இரண்டாம் பக்கத்தை எழுதாமலே கணக்குப் போடுகிறவர்கள் அநேகர். கட்டுபடியாகாவிட்டால், அதே வீட்டில் மாடியிலோ பின்கட்டிலோ தனி அடுப்பு வைத்துப் பாருங்கள். அடுக்களை பிரிந்ததும் மாமியாரும் மருமகளும் சிநேகமான வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். வெளியே போனாலும், பெற்றோர் தளர்ந்தவர்களாயிருந்தால் கூப்பிடு தூரத்திலேயே வீடு பாருங்கள்.

மூன்றாவது, சொல்லுவது யார்? யாக்கோபு தன் மாமனாகிய லாபானிடம் சொல்லாமலே புறப்பட்டான். லாபான் ஏழுநாள் துரத்திவந்தான். மோசே தேவனுடைய அழைப்பையே பெற்றிருந்தும், மாமனாகிய எத்திரோவினிடத்தில் போய் விடைகேட்டுப் புறப்பட்டான், சமாதானத்தோடே அனுப்பப்பட்டான். தம்பி, முடிவு உன்னுடையதானால் வாயும் உன்னுடையதாக இருக்கட்டும். "அவதான் நிக்கவே மாட்டேங்கா" என்று மனைவியின்மேல் போடாதே. அந்த ஒரு வார்த்தையை உன் தாய் இருபது வருஷம் சுமப்பார்கள்; உன் மனைவியும் சுமப்பாள்.

நான்காவது, போனபிறகு என்ன? இயேசு சிலுவையில் வேதனைப்பட்ட வேளையிலும் தம்முடைய தாயை ஒரு சீஷனிடத்தில் ஒப்படைத்தார். பெற்றோருக்குக் கொடுக்கவேண்டியதை, "இது தேவனுக்குக் காணிக்கை" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை அவர் கடிந்துகொண்டார். மாற்கு ஏழாம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். ஊழியக்காரனாகிய நானே சொல்லுகிறேன்: தாய்க்கு மாத்திரை வாங்காமல் என்னிடத்தில் காணிக்கைக் கவரைக் கொண்டுவராதீர்கள்.

காத்திருக்கக்கூடாத வேளை

எல்லாருக்கும் நான் பொறுமையைச் சொல்லவில்லை. குற்றால அருவியில் தண்ணீர் நிறம் மாறினால் யாரும் நின்று யோசிப்பதில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து ஒரு மாணவனின் உயிரைக் கொண்டுபோனது. சில நிமிஷம்தான். அடியும் மிரட்டலும் உள்ள வீடு அப்படிப்பட்டது. அங்கே மருமகளிடம் "சகித்துக்கொள்" என்று உபதேசம் பண்ணுவது பாவம். உடனே பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். ஜெபத்தை அங்கே போய்ப் பண்ணலாம். 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. அடிக்கப்படுகிறவர் வயதான தாயோ தகப்பனோ என்றால் 14567 என்ற எண் உண்டு. மாமனார் பெயரில் உள்ள வீடானாலும், மருமகள் அங்கே குடும்பமாக வாழ்ந்திருந்தால், குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி குடியிருக்கும் உரிமை கேட்கலாம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. போவதா, இருப்பதா என்பதை அடிக்கிறவன் தீர்மானிக்கக்கூடாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

அம்மா, அய்யா, பிள்ளை வந்து பேசும்போது சாபமிடாதீர்கள். "நான் செத்தாலும் வராதே" என்ற வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியாமல் தவிக்கிற தாய்மாரை எனக்குத் தெரியும். அதேபோல், மகனைப் பிடித்துவைப்பதற்காக இருக்கிற வீட்டை அவசரப்பட்டு எழுதிக்கொடுக்காதீர்கள். எழுதித்தான் ஆகவேண்டுமானால், கடைசிவரை பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். அப்படி எழுதியிருந்தால், பராமரிக்காதபோது அந்தப் பத்திரத்தை ரத்துசெய்ய 2007 சட்டம் வழிவைத்திருக்கிறது. ஆனாலும் பத்திரத்தால் கட்டப்பட்ட அன்பைவிட, ஆசீர்வதித்து அனுப்பப்பட்ட அன்பு திரும்பி வரும்.

நம்முடைய சிற்றாறு குற்றால மலையிலேயே தங்கியிருந்தால் தென்காசி வயல்களுக்குத் தண்ணீர் ஏது? அது மலையை விட்டுத்தான் இறங்குகிறது. ஆனாலும் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேருகிறவரைக்கும் அதில் ஓடுவது மலை கொடுத்த தண்ணீர்தான்.

இந்த வாரக் குடும்ப ஜெபத்தில் இந்தக் காரியத்தைத் தயங்காமல் வாய்திறந்து பேசுங்கள். பேசும்போது மகனும், தாயும், தகப்பனும், மருமகளும் ஒரே பாயில் உட்காருங்கள். சமாதானத்தின் தேவன்தாமே உங்கள் போக்கையும் உங்கள் வரத்தையும் ஆசீர்வதித்து, இரண்டு வீட்டிலும் விளக்கு அணையாதபடி காப்பாராக. ஆமென்.