யூதாஸ் திருப்பிக் கொடுத்த காசு

ரிஷிவந்தியத்தில் ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவரும், அவரிடம் வேதம் படிக்க வரும் இளைஞர் ஒருவரும் பேசிக்கொண்டது இது. உபதேசியார் ஆற்காடு லுத்தரன் திருச்சபைக்காரர். இளைஞர் சைவ வீட்டுப் பிள்ளை. சுவிசேஷத்தை விரும்பிப் படிக்கிறார், இன்னும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை.

சீடர்: ஐயா, ஒன்று கேட்டால் கோபித்துக்கொள்ளக் கூடாது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். கண் பார்வை போனவர்களும் உண்டு. அந்த மாதிரிச் சாராயம் விற்ற ஒருவன் நாளைக்கு ஒரு ஜெபக்கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, ‘நான் பெரிய பாவி, ஆண்டவர் என்னை மன்னித்துவிட்டார்’ என்று அழுது சாட்சி சொல்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் அல்லேலூயா சொல்லும். பின்னால் பாயில், புருஷனைப் பறிகொடுத்தவள் உட்கார்ந்திருக்கிறாள். அவளும் அல்லேலூயா சொல்ல வேண்டுமா? இதுதான் கிருபை என்றால் எனக்கு அது வேண்டாம்.

குரு: கோபம் எதற்குத் தம்பி? அந்தப் பெண்ணை மறந்துவிட்டுப் பேசினால்தான் எனக்குக் கோபம் வரும். அவள் இருக்கட்டும், அவள் காதுபடவே பேசுவோம். முதலில் ஒன்று சொல். அவனுக்கு எப்போது மன்னிப்பு உண்டு என்கிறாய்?

சீடர்: உண்மையாக மனந்திரும்பினால். அந்த அழுகை நடிப்பாக இல்லாவிட்டால்.

குரு: அதாவது மனந்திரும்புதல் விலை, மன்னிப்பு சரக்கு. நல்ல காசு கொடுத்தால் சரக்கு உண்டு, கள்ளக் காசுக்குக் கிடையாது.

சீடர்: அப்படிச் சொன்னால் கொச்சையாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் நினைக்கிறேன். எங்கள் சித்தாந்தத்திலும் மலம் பரிபாகம் அடைந்த பிறகுதானே சத்திநிபாதம்? பக்குவம் வராத உயிரில் அருள் எப்படிப் பதியும்?

குரு: நல்ல இடத்தைத் தொட்டாய். அந்த மலத்தைப் பக்குவப்படுத்துவது யார் என்று உங்கள் சாத்திரத்தையே கேள். திரோதான சத்தி என்று சொல்லும். மறைந்து நின்று வேலை செய்வதும் அந்த அருள்தான் என்று சொல்லும். உயிர் தானாகப் பழுத்துக்கொண்டு அருளுக்குக் காத்திருப்பதாக அவர்களும் சொல்லவில்லை. அது நிற்கட்டும். மத்தேயு 27ஆம் அதிகாரத்தை எடு. யூதாஸ் கடைசியில் என்ன செய்தான்?

சீடர்: நான்றுகொண்டு செத்தான்.

குரு: எல்லோரும் அங்கேதான் போய் நிற்கிறோம். அதற்கு முன்னால் என்ன செய்தான்?

சீடர்: (படித்துப் பார்த்து) இயேசுவுக்கு மரணத் தீர்ப்பு என்று தெரிந்ததும் மனம் வெந்து போனான். பிரதான ஆசாரியர்களிடம் போய், குற்றமில்லாத ரத்தத்தைக் காட்டிக்கொடுத்துப் பாவம் செய்தேன் என்றான். 30 வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான்.

குரு: கத்தோலிக்கத் திருச்சபை திரிதெந்து சங்கத்தில், 1551இல், பாவி செய்ய வேண்டியவை மூன்று என்று வகுத்துச் சொன்னது: மனஸ்தாபம், பாவசங்கீர்த்தனம், பரிகாரம். யூதாஸ் எதை விட்டான்? உள்ளம் வெந்தது. வாயால் அறிக்கை செய்தான், அதுவும் பூசி மெழுகாமல். காசை ஒன்று குறையாமல் கொண்டுவந்தான். வாங்க மறுத்தபோது ஆலயத்துக்குள்ளேயே எறிந்துவிட்டுப் போனான். விலை என்று பார்த்தால் முழு விலையும் கொடுத்தவன் அவன்.

சீடர்: நான் இப்படி யோசித்ததே இல்லை.

குரு: ஆசாரியர்கள் என்ன செய்தார்கள் என்றும் பார். அது எங்கள் கவலை இல்லை, உன் பாடு என்று கைகழுவினார்கள். பாவிகளுக்காகப் பரிந்து பேசுவதற்கென்றே நியமிக்கப்பட்டவர்கள் அவர்கள்! தரையில் கிடந்த காசைப் பற்றித்தான் அவர்கள் ஆலோசனை செய்தார்கள். ரத்தக்கிரயம், காணிக்கைப் பெட்டியில் போடக் கூடாது என்று முடிவு செய்து, குயவன் நிலத்தை வாங்கி அந்நியரை அடக்கம் செய்ய விட்டார்கள். சட்டப்படி பிழை சொல்ல முடியாது. எதிரே நின்றவன் எங்கே போனான் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் யூதாஸைவிட அவர்கள்மேல்தான் துக்கம் வருகிறது. சபையில் பொறுப்பில் இருக்கிறவன் எவனும் இதைப் படித்து நடுங்க வேண்டும்.

சீடர்: அப்படியானால் அவனிடம் என்ன குறை?

குரு: போக வேண்டிய இடத்துக்கு அவன் போகவில்லை. தன் கணக்கைத் தானே பார்த்து, தானே தீர்ப்பு எழுதி, தானே நிறைவேற்றிக்கொண்டான். நம்பிக்கை இல்லாத மனஸ்தாபம் முழுமையான மனஸ்தாபம் ஆகாது என்று கத்தோலிக்க ஆசிரியர்களும் சொல்வார்கள். இப்போது பேதுருவைப் பார். அவன் எதைத் திருப்பிக் கொடுத்தான்?

சீடர்: ஒன்றும் கொடுக்கவில்லை. வெளியே போய் அழுதான்.

குரு: அழுதுவிட்டு மீன்பிடிக்கப் போய்விட்டான். யோவான் 18இல் அவன் இயேசுவை மறுதலித்தது எங்கே நின்று? குளிருக்காகப் போட்டிருந்த கரிநெருப்புக்குப் பக்கத்தில் நின்று. 21ஆம் அதிகாரத்தில் விடியற்காலையில் படகைக் கரைக்குக் கொண்டுவந்தால் அங்கே மறுபடியும் ஒரு கரிநெருப்பு. மேலே மீன், பக்கத்தில் அப்பம். நெருப்பு மூட்டினவர் இயேசு. முதலில் சாப்பிடச் சொன்னார். சாப்பிட்ட பிறகுதான் மூன்று தடவை கேட்டார், என்மேல் அன்பு உண்டா என்று. மூன்றாம் தடவை பேதுருவுக்கு மனம் நொந்துபோனது. மூன்று தடவை மறுத்தவனிடம் மூன்று தடவை கேட்டால் நோகாதா? காயத்தை மூடிவைத்து ‘பரவாயில்லை’ என்று முதுகில் தட்டவில்லை. ஆனால் கேட்டது பசியாற்றிய பிறகு. ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் ஒரு வேலையையும் கொடுத்தார்: என் ஆடுகளைப் பார்த்துக்கொள் என்று. நான் கிருபை என்று சொல்வது இந்த வரிசையைத்தான். சகேயு கதையிலும் இதே வரிசைதான். மரத்தின்மேல் இருந்த வரிக்காரனிடம், இன்றைக்கு உன் வீட்டில் தங்க வேண்டும் என்றார். அந்த நேரத்தில் அவன் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை. ஊரே முணுமுணுத்தது. அதன் பிறகுதான் அவன் எழுந்து நின்று, சொத்தில் பாதி ஏழைகளுக்கு, யாரிடமாவது அநியாயமாக வாங்கியிருந்தால் நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான்.

சீடர்: இது இன்னும் மோசமாக இருக்கிறதே ஐயா. கிருபை முன்னாலேயே வந்துவிடும் என்றால் சாராயம் விற்றவன் மனந்திரும்பவே தேவையில்லையே. வாங்கிக்கொண்டு போய்விடலாம்.

குரு: 1937இல் போன்ஹோஃபர் என்ற ஜெர்மன் போதகர் இதைத்தான் மலிவான கிருபை என்று கடிந்து எழுதினார். எங்கள் லுத்தரன் சபையைப் பார்த்து, ஒரு லுத்தரன் எழுதியது. லுத்தரே 1517இல் எழுதின 95 கூற்றுகளில் முதலாவது, விசுவாசியின் வாழ்நாள் முழுவதுமே மனந்திரும்புதல்தான் என்பது. பாவத் தண்டனைக்குக் காசு வாங்கிக்கொண்டு சீட்டு எழுதிக் கொடுத்தவர்களைப் பார்த்து எழுதியது அது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாவ அறிக்கையைச் சேர்ந்து வாசிக்கிறோம், அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறோம். சீட்டு இல்லாமலேயே நாமும் அதே வியாபாரம் செய்துவிட முடியும். கிருபை முதலில் வருகிறது என்பது உண்மை. அது வந்த வீட்டில் கணக்குப் புத்தகம் திறக்கப்படும் என்பதும் உண்மை. சகேயு வீட்டில் திறந்தது. திறக்கவில்லை என்றால் வந்தது வேறு எதுவோ.

சீடர்: சரி, அவன் திறக்கட்டும். என்ன செய்ய வேண்டும்?

குரு: முதலில் மைக்கை வைத்துவிட வேண்டும். அடுத்து போலீஸிடமும் கோர்ட்டிலும் உண்மையைச் சொல்ல வேண்டும். சரக்கு எங்கிருந்து வந்தது, யார் கைமாற்றினார்கள், பார்த்தும் பார்க்காமல் இருக்க யார் யாருக்குப் பணம் போனது, எல்லாவற்றையும். கல்வராயன் மலையில் ஓடை ஓரம் வெல்லமும் பட்டையும் போட்டு பேரலில் ஊறல் வைக்கிறவர்களை இங்கே எல்லோருக்கும் தெரியும். போலீஸ் போய் ஊறலைக் கொட்டிவிட்டு வருவதும் பேப்பரில் வரும். மெத்தனால் அந்த ஓடையில் ஊறுகிற சரக்கு இல்லை. அது தொழிற்சாலை ரசாயனம். எங்கோ வாங்கி, எங்கோ ஏற்றி, யாரோ கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அந்த வழியைச் சொல்லிக்கொடுத்தால் அடுத்த கருணாபுரம் தப்பிக்கும். அதைச் சொல்லாத கண்ணீரை நான் நம்பமாட்டேன்.

சீடர்: ஆண்டவர் மன்னித்துவிட்டார், பிறகு எதற்கு ஜெயில் என்பானே?

குரு: சிலுவையில் பக்கத்தில் தொங்கின கள்ளனை நினைத்துப் பார். இன்றைக்கே என்னோடு இருப்பாய் என்று வாக்கு வாங்கினவன் அவன். அவனைச் சிலுவையிலிருந்து இறக்கினார்களா? இல்லை. நமக்குக் கிடைத்தது நியாயமான தண்டனைதான் என்று அவனே முதலில் ஒத்துக்கொண்டான். மன்னிப்பை ஜாமீனாகக் கேட்கிறவன் அவன் பக்கத்தில் நிற்க முடியாது.

சீடர்: அந்தப் பெண்?

குரு: அவளுக்காக மன்னிக்க எனக்கும் உரிமை இல்லை, அந்தச் சபைக்கும் இல்லை. பலிபீடத்தில் காணிக்கை வைக்க வரும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு முதலில் அவனிடம் போ என்று இயேசு சொன்னார். போக வேண்டியவன் குற்றம் செய்தவன். காயம்பட்டவளைப் பார்த்து ‘நீ மன்னிக்காவிட்டால் உனக்கும் மன்னிப்பில்லை’ என்று வசனத்தைத் தூக்கி அடிக்கிற பிரசங்கியார்கள் உண்டு. அது பாவம் என்று நான் நினைக்கிறேன். அவள் மன்னிக்கலாம், பத்து வருஷம் கழித்து மன்னிக்கலாம், மன்னிக்காமலேயே போகலாம். அவன் கதவுக்கு வெளியே நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

சீடர்: எங்கள் பக்கத்துத் திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனார் மன்னித்தாரே. திருநீறு பூசிக்கொண்டு, ஓலைச் சுவடிக்குள் கத்தியை மறைத்து வந்து குத்திய முத்தநாதனை, காவலன் தத்தனைக் கூப்பிட்டு ஊர் எல்லை வரைக்கும் பத்திரமாகக் கொண்டுவிடச் சொன்னார். அவன் மன்னிப்பே கேட்கவில்லை.

குரு: பெரியபுராணத்தில் சேக்கிழார் அந்த இடத்தில் என் கண்ணைக் கலங்க வைத்துவிடுவார். மன்னன் செய்தது கிருபைதான், அதை வேறு பெயரால் சொல்ல எனக்கு வராது. ஆனால் கவனி, குத்துப்பட்டவரே மன்னித்தார். அவருக்குப் பதிலாக வேறு யாரும் மன்னிக்கவில்லை. ஜனங்கள் வழியில் முத்தநாதனை மறித்தபோது, இது அரசர் ஆணை என்று தத்தன் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு முத்தநாதன் என்ன ஆனான்?

சீடர்: கதையில் இல்லை. எல்லைக்கு அப்பால் போய்விட்டான்.

குரு: உயிர் தப்பியது. மனிதன் தப்பினானா என்று யாருக்குத் தெரியும்? கொடுத்த மன்னிப்பு எடுத்துக்கொள்ள ஆளில்லாமல் நின்றது. மனந்திரும்புதல் என்பது அதை எடுத்துக்கொள்வது.

சீடர்: ஒரு இடத்தில் மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை ஐயா. சகேயு வாங்கினது பணம். நாலத்தனையாகக் கொடுத்துவிடலாம். செத்தவனை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

குரு: முடியாது.

சீடர்: அவ்வளவுதானா?

குரு: அவ்வளவுதான். யூதாஸுக்கும் அங்கேதான் மூச்சு முட்டியது. காசு திரும்பியது, ரத்தம் திரும்பவில்லை. தீர்க்க முடியாத கடனுக்கு முன்னால் மனிதன் இரண்டில் ஒன்றைச் செய்வான்: கடனே இல்லை என்று மறந்துவிடுவான், அல்லது தன்னை அழித்துக்கொள்வான். மறப்பவன்தான் மைக்கைப் பிடிக்கிறான். கிருபை வேண்டியிருப்பது இந்த இடத்தில்தான். தீராது என்று தெரிந்தும், ஓடாமல், சாகாமல், வாழ்நாள் முழுவதும் தன்னால் ஆனதைக் கட்டிக்கொண்டே இருக்க ஒருவனைத் தாங்கிப் பிடிப்பது எதுவோ, அதைத்தான் நான் கிருபை என்கிறேன். அந்தப் பெண்ணின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் செலவு கட்டினால், அது கணவனுக்கு ஈடு ஆகாது. ஆகாது என்று தெரிந்தும் கட்ட வேண்டும். பெயர் சொல்லாமல் கட்ட வேண்டும்.

சீடர்: இது தனி மனிதனுக்கு. ஊர் பாவம் செய்தால்? எறையூரை நினைத்துக் கேட்கிறேன்.

குரு: நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு நம் மாவட்டத்தில், உளுந்தூர்பேட்டைப் பக்கம் இருக்கிற ஊர். கத்தோலிக்கர்கள், பல தலைமுறையாக. கல்லறை தனித்தனி, பிணம் போகிற வழியிலும் பாகுபாடு. தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். வன்னியர் கத்தோலிக்கர்களோடு மோதலாகி, வீடுகள் தாக்கப்பட்டு, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 2 பேர் இறந்தார்கள். தேதி 2008 மார்ச் 9. அந்த வருஷம் ஈஸ்டர் மார்ச் 23. அப்படியானால் அன்றைக்கு என்ன நாள் என்று கணக்குப் போடு.

சீடர்: இரண்டு வாரம் முன்னால்… தவக்காலத்து ஞாயிறு.

குரு: ஐந்தாம் ஞாயிறு. மனந்திரும்புங்கள் என்று நெற்றியில் சாம்பல் பூசி ஒரு மாதம் ஆகியிருந்தது, இரண்டு தெருவுக்கும். இதைக் கத்தோலிக்கரைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. எங்கள் சபையின் வேரே இந்தச் சண்டையில் இருக்கிறது. கார்ல் ஓக்ஸ் என்ற மிஷனரி, சாதியைச் சபைக்குள் விட்டுவைப்பதைப் பொறுக்க முடியாமல் லைப்சிக் மிஷனை விட்டு வெளியே வந்து, மேல்பட்டாம்பாக்கத்தில் வேலை தொடங்கினார். 1860களில் டேனிஷ் மிஷன் அவரோடு சேர்ந்துகொண்டது. திருக்கோவலூர்ப் பக்கம் அந்த மிஷன் வந்தது அப்படித்தான். அப்படித் தொடங்கியவர்கள் என்பதால் நாங்கள் சுத்தமாகிவிட்டோமா? கல்யாணப் பத்திரிகைகளை எடுத்துப் பார், யார் யாருக்குப் பெண் கொடுக்கிறோம் என்று. 1999இல் லுத்தரன் உலகமும் ரோமும் ஆக்ஸ்பர்க் நகரத்தில் உட்கார்ந்து, நாம் நீதிமான்களாவது கிருபையால் மட்டுமே என்று சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள். 400 வருஷத்துக்கு மேற்பட்ட வழக்கு அது. எனக்கு அதில் உண்மையான சந்தோஷம். ஆனால் எங்கள் இரண்டு கூட்டத்துக்கும் கல்லறைச் சுவர் இன்னும் பொதுவாக இருக்கிறது.

சீடர்: ஊர் எப்படி மனந்திரும்பும்?

குரு: சகேயு மாதிரி எண்ணிக் கொடுத்து. யாருடைய வழியை மறித்தோமோ அந்த வழியில் சவ வண்டி போக வேண்டும். யார் பின்னால் நின்றார்களோ அவர்கள் பங்குப் பேரவையில் உட்கார வேண்டும், சாவியும் கணக்கும் அவர்கள் கையில் போக வேண்டும். எவ்வளவு கொடுத்தால் போதும் என்று கொடுக்கிறவன் தீர்மானிக்கக் கூடாது. வாங்க வேண்டியவனைக் கேட்க வேண்டும்.

சீடர்: அவர்கள், போதாது என்று சொன்னால்?

குரு: மறுநாளும் போய்க் கேட்க வேண்டும்.